அறுவைக்கு முன் ஓர் ஒத்திகை



ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் தேசத்தில், குர்துபா நகரை அடுத்த அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவியின் பெயரைத் தாங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். 30 பாகங்களைக் கொண்ட அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலின் இறுதிப் பாகம் அறுவை மருத்துவத்தைப் பற்றியது. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களை அதில் வரைந்து காட்டியிருக்கிறார். மேலை நாட்டு மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதன் இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பாடநூலாய்ப் பயின்றார்கள். இவை நம் மேடைகளில் அடிக்கடி பெருமையோடு சொல்லப்படும் செய்திகள்தாம். ஆனால் அந்தப் பாகத்தின் முன்னுரையில் அவர் எழுதியிருப்பதை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. கத்தியைத் தொடுபவன் முதலில் உடற்கூற்றைக் கற்றிருக்க வேண்டும் என்று கண்டிப்போடு கூறிவிட்டு, அதைக் கல்லாத மருத்துவர்களால் நேர்ந்த மரணங்களை அவர் வரிசையாய் எடுத்துரைக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்தில் இருந்த கட்டியை ஒருவர் கீறினார். உள்ளே ஓடிய நாடிகள் அறுபட்டன. இரத்தம் பெருகி அப்பெண் அவர் கண்ணெதிரிலேயே உயிர் துறந்தாள் என்பது அவற்றுள் ஒன்று.

அந்தக் கழுத்தினுள் நாடி எங்கே ஓடுகிறது என்பதைப் பொதுவாக அறிந்திருப்பது ஒன்று; இந்தப் பெண்ணின் கழுத்தில், இந்தக் கட்டி தள்ளியபின் அது எங்கே கிடக்கிறது என்று அறிவது வேறொன்று. முதலாவதை நூல்கள் கற்பிக்கும். இரண்டாவதைக் கத்தி வைக்கும்முன் அறிந்துகொள்ள அஸ்ஸஹ்ராவிக்கும் வழியில்லை. அவருக்குப் பின் 900 ஆண்டுகள் வந்த எவருக்கும் வழியில்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டார். 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டன் மாநகரின் ஒரு மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த இயந்திரம் முதல் நோயாளியின் தலையைத் துண்டு துண்டாய்ப் படம்பிடித்தது. அவர் பணியாற்றியது இசைத்தட்டுகளுக்குப் பேர்போன ஒரு நிறுவனத்தில் என்பது வேடிக்கையான செய்தி. அதுவே இன்று நாம் சி.டி. ஸ்கேன் என்று சர்வ சாதாரணமாய்ச் சொல்லும் சோதனை.

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ தியாகராய நகரிலோ உள்ள ஏதேனும் ஒரு மருத்துவமனை வாயிலில் சற்று நேரம் நின்று பாருங்கள். பெரிய பழுப்பு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியூர்க் குடும்பங்கள் ஆட்டோவுக்குக் காத்திருக்கும். உறைக்குள் இருக்கும் கறுப்புப் படச்சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நாமும் பார்த்திருக்கிறோம், ஒன்றும் விளங்கியதில்லை. மருத்துவருக்கு விளங்கும். ஆயினும் அவருக்கும் அங்கே ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தட்டையான நூறு படங்களை மனத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, அந்த எலும்பை, அந்தக் கட்டியை, அந்த நாடியைத் தம் கற்பனையில் உருட்டித் திரட்டிக்கொள்ள வேண்டும். அனுபவம் மிக்கவர் அதைச் சரியாகச் செய்வார். அவருக்கு உதவியாய் நிற்கும் இளைய மருத்துவரின் மனத்தில் திரண்டிருக்கும் உருவம் அதுவேதானா என்பதை யார் அறிவார்?

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்: ஸ்கேன் படத்திலிருந்து நோயாளியின் உறுப்பை உள்ளது உள்ளபடி வார்த்தெடுத்துக் கையில் தரும் முப்பரிமாண அச்சு. ‘த்ரீ-டி பிரிண்டிங்’ என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதும் இதைத்தான்.

அச்சு என்றதும் மை, காகிதம் என்று எண்ணிவிடலாகாது. நம் தாய்மார்களுக்கு எளிதாய் விளங்க வேண்டுமாயின் இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளட்டும். சூடேறி இளகிய பிளாஸ்டிக் இழை ஒரு நுண்துளை வழியே வெளிவருகிறது. கணினி காட்டும் பாதையில் அந்தத் துளை முன்னும் பின்னும் நகர்ந்து ஒரு படலம் இடுகிறது. அது இறுகியதும் அதன்மேல் அடுத்த படலம். ஒரு படலத்தின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள தாடை எலும்புக்கு 1000 படலங்கள் வேண்டும். ஆகவே இரவில் ஓடவிட்டால் காலையில் எடுக்கலாம் என்ற கணக்கில்தான் வேலை நடக்கிறது. இழைக்குப் பதில் ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினைப் பயன்படுத்தும் முறையே மூத்தது. அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1983-இல் அம்முறையில் முதன்முதலாய் வார்த்தெடுத்தது கண் கழுவும் சிறு கிண்ணம் ஒன்றை. 1986-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளுக்குள்ளேயே மருத்துவர்கள் அதை மண்டையோட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அச்சியந்திரத்தைவிட முக்கியமானது அதற்கு முந்திய பணி. ஸ்கேன் தருவது ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ கனமுள்ள துண்டுப் படங்கள். அவற்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. நீருக்குச் சுழியம், காற்றுக்குக் கழித்தல் ஆயிரம், எலும்புக்குப் பல நூறு என்று. இந்த எண்ணை வைத்து எலும்பைத் தனியே பிரித்தெடுப்பது கணினிக்கு எளிது. ஆனால் கட்டிக்கும் தசைக்கும் எண்கள் அருகருகே இருப்பதால், அவற்றைப் பிரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்து, படம் படமாய்த் தம் கையால் எல்லை வரைய வேண்டியிருக்கிறது. செலவின் பெரும்பகுதி பிளாஸ்டிக்குக்கு அன்று, இந்தப் பொறுமைக்கே ஆகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

கீழக்கரையிலிருந்து என் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் தம் 19 வயது மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்திருந்தார். பையனின் கீழ்த்தாடையின் ஒரு பக்கம் மெல்ல மெல்ல வீங்கியிருந்தது. புற்றுநோய் அன்று, ஆனால் எலும்பை உள்ளிருந்தே அரித்துத் தேன்கூடாக்கிவிடும் வகைக் கட்டி. அந்தப் பகுதித் தாடையை அறுத்து நீக்கிவிட்டு, கணைக்காலில் உள்ள மெல்லிய எலும்பை எடுத்து அங்கே பொருத்த வேண்டும் என்றார்கள். காலில் உடல் எடையைத் தாங்குவது பெரிய எலும்புதான். பக்கத்தில் ஒட்டி ஓடும் சிறிய எலும்பின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க இயலும். அதை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, துண்டுகளாக்கி வளைத்துத் தாடையாக்கும் முறையை 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கையாளப்படுவது அது.

இவை யாவும் அந்தத் தாய்க்கு ஆங்கிலமும் தமிழும் கலந்து இரண்டு முறை சொல்லப்பட்டன. இரண்டு முறையும் தலையாட்டினார். சம்மதப் படிவத்தில் கையொப்பமிட வேண்டிய நாளில்தான் மயிலாப்பூரில் இருந்த அந்த மருத்துவமனையின் அறுவை நிபுணர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெண்ணிறத் தாடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “அம்மா, இது உங்கள் பிள்ளையுடையது” என்றார்.

அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அத்துணை நேரமும் பேசாதிருந்தவர், விரலால் அந்த அரித்த பகுதியைத் தடவியபடியே கேட்கத் தொடங்கினார். “எதுலேருந்து எதுவரைக்கும் அறுப்பீங்க? இந்தப் பல்லெல்லாம் போயிடுமா? கறி, சோறு மெல்ல எத்தனை நாளாகும்?” மருத்துவர் பேனாவால் அந்த மாதிரியின் மேலேயே கோடு போட்டுக் காட்டினார். கடைசியாய் அந்த உம்மா கேட்டது எங்கள் எவர் மனத்திலும் தோன்றாத கேள்வி: “கால்லேருந்து எலும்பை எடுத்துட்டா, எம்புள்ளை தொழுகையில அத்தஹிய்யாத்துல உட்கார முடியுமா, டாக்டர்?”

மருத்துவர் அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடவில்லை. இருப்பின் அமைப்பை என்னிடம் செய்து காட்டச் சொன்னார். கட்டைவிரலை மடித்துக் கணுக்காலின் மேல் பாரம் வைத்து உட்காருவதைக் கூர்ந்து பார்த்தார். எலும்பை எடுத்த காலில் கணுக்கால் விறைப்பும் கட்டைவிரலின் வலுக்குறைவும் சில மாதங்கள் இருக்கக்கூடும், அதுவரை நாற்காலியில் தொழட்டும், பயிற்சி தொடர்ந்தால் பெரும்பாலோர்க்குச் சரியாகிவிடும் என்றார். பின்னர் வலக்காலுக்குப் பதில் இடக்காலில் எடுக்க இயலுமா என்று தம் உதவியாளரிடம் விசாரித்தார். அன்றைக்கு அந்தத் தாய் இட்ட கையொப்பத்தைத்தான் நான் சம்மதம் என்பேன். விளங்காமல் இடப்பட்ட கையொப்பங்கள் எத்தனையோ கோப்புகளில் கிடக்கின்றன.

மாதிரியின் பயன் தாய்க்கு விளக்கியதோடு முடிந்ததா என்றால், இல்லை. அறுவைக்கு முந்திய நாளே டைட்டானியத் தகட்டை அந்தப் பிளாஸ்டிக் தாடையின் மேல் வைத்து, வளைவுக்கு வளைவு பொருந்தும்படி வளைத்துத் தயார் செய்துவிட்டார்கள். இல்லாவிடில் அந்த வேலை, பையன் மயக்கத்தில் கிடக்க, தாடை திறந்திருக்க, இரத்தம் கசிந்துகொண்டிருக்க, தியேட்டரில் நடந்திருக்கும். எட்டு, பத்து மணி நேரம் நீளும் அறுவையில் அரை மணி மிச்சமாவது சிறு சேமிப்பன்று.

நம் சமுதாயத்துக்கு இந்தத் தாடைக் கதை அந்நியமானதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்திய ஆண்களிடம் மிகுதியாய்க் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தின் வாயிலில் வெற்றிலைக் கறை படிந்த உதடுகளை இன்றும் காணலாம். புகையிலை இல்லாத வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. கல்யாண வீட்டுத் தாம்பாளத்தை என்ன செய்வது என்பதை வீட்டுப் பெரியவர்கள் யோசிக்கட்டும்.

அடையாற்றை ஒட்டி, மரங்கள் அடர்ந்த வளாகத்தில் இருக்கும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இத்துறையில் ஓர் அரிய பணியை மேற்கொண்டது. 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்வதற்குள் கருப்புப் பூஞ்சை என்னும் கொடுமை பரவியது தங்களுக்கு நினைவிருக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மருந்து மிகுதியாய் ஏற்றப்பட்டவர்கள் ஆகியோரை அது பெரிதும் தாக்கியது. மூக்கிலும் கன்னத்திலும் புகுந்து எலும்பைச் சாகடிக்கும் அப்பூஞ்சையிலிருந்து உயிரைக் காக்க மேல்தாடையை, சிலருக்குக் கண்ணையும் சேர்த்து, அகற்ற வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார்கள். பிறகு? மேல்தாடை இல்லாதவர் அருந்தும் கஞ்சி மூக்கு வழியே வரும். பேச்சு விளங்காது. ஒளூ செய்ய வாய் கொப்பளித்தால் நீர் வாயில் தங்காது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டின் பின்கட்டிலேயே நாளைக் கழித்தவர்கள் உண்டு.

அக்கழகத்தின் உலோகவியல் துறைப் பேராசிரியர் முருகையன் அமிர்தலிங்கத்தின் குழுவும், பல் மருத்துவர்கள் சென்னையில் தொடங்கிய சோரியாக்ஸ் என்ற சிறு நிறுவனமும் கைகோத்து, இத்தகையோர்க்கு டைட்டானியத்தால் முக எலும்புகளை அச்சிட்டுத் தரும் பணியை 2023-இல் அறிவித்தனர். நோயாளியின் ஸ்கேனே அச்சுக்கும் மூலப்பிரதி. டைட்டானியத் தூளைப் படலம் படலமாய்ப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் லேசர் கதிரால் உருக்கி ஒட்டுகிறார்கள். வசதியற்றோர்க்குக் கட்டணமின்றிப் பொருத்துவது என்பது திட்டம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘முகத்துக்கான உரிமை’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடர். முன்னே சொன்ன தாடை, பார்த்துப் பழகி ஒதுக்கி வைக்கும் மாதிரி. இதுவோ உடலோடே தங்கிவிடும் எலும்பு. ஆயினும் இரண்டும் ஒரே படத்திலிருந்து, ஒரே வழியில் பிறந்த உடன்பிறப்புகள்.

எலும்பைத் தாண்டினால் இதயம். பிறவியிலேயே அறைகளும் குழாய்களும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஒரு குழந்தையின் இதயம் அதன் மூடிய கைப்பிடி அளவே. அதற்குள் எந்தத் துளையை அடைத்து எந்தக் குழாயோடு இணைப்பது என்பதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். கொச்சி அம்ருதா மருத்துவமனையின் குழந்தை இதய மருத்துவர் மகேஷ் கப்பண்ணயிலும் அவருடைய குழுவினரும், முடிவெடுக்கச் சிரமமான ஐந்து குழந்தைகளின் இதயங்களை அச்சிட்டுப் பார்த்து அறுவை முடிவுகளை எடுத்த அனுபவத்தை 2017-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். குறைந்த வசதியுள்ள நாட்டிலும் இது கைகூடும் என்று காட்டியதுதான் அக்கட்டுரையின் சிறப்பு. இதயத்தை இருமடங்கு பெரிதாகவும் அச்சிடலாம். பாதியாய் வெட்டி உள்ளே எட்டிப் பார்க்கவும் செய்யலாம். இழப்பது ஒரு பிளாஸ்டிக்கை மட்டுமே.

இன்னும் கடினமான ஒன்றையும் கேளுங்கள். பாகிஸ்தானின் சார்சத்தா என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பத்தில் 2017-இல் தலையோடு தலை ஒட்டிப் பிறந்தார்கள் இரு பெண் குழந்தைகள். தந்தையோ அவர்கள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில், காஷ்மீரில் பிறந்த டாக்டர் ஒவைஸ் ஜீலானியும் டாக்டர் டேவிட் டனவேயும் 2018 அக்டோபரில் தொடங்கி 2019 பிப்ரவரி வரை மூன்று கட்டங்களாய், 50 மணி நேரத்துக்கும் மேல் அறுவை செய்து அவர்களைப் பிரித்தார்கள். அதற்கு முன் அந்த இரு மண்டையோடுகளின், பின்னிக்கிடந்த இரத்தக் குழாய்களின் மாதிரிகளை அச்சிட்டு, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒத்திகை நடத்தியிருந்தார்கள். அத்துணை ஒத்திகைக்குப் பிறகும் அறுவையின்போது பெரும் இரத்தப்போக்கு நேர்ந்தது. பிரிந்த பின்னும் குழந்தைகள் பல குறைகளோடு போராடினார்கள். மாதிரி எதையும் எளிதாக்கிவிடுவதில்லை. செய்யவே முடியாது என்றிருந்ததைச் செய்து பார்க்கலாம் என்ற இடத்துக்கு அது கொண்டுவருகிறது.

இனி, பயிலும் மருத்துவர்களின் விஷயம். ஒத்திகை என்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. சுசுருதர் தம் மாணவர்களுக்குப் பூசணியிலும் வெள்ளரியிலும் கீறப் பழகுவித்தார். நீர் நிரப்பிய தோற்பையில் துளையிடச் சொன்னார். தாமரைத் தண்டில் நரம்பைக் குத்தப் பழக்கினார். மதரஸாவில் ஓதவரும் பிள்ளைக்கு முதலில் பலகையில் எழுதிப் பழக்கித்தான் ஏட்டைத் தருவது பழைய வழக்கம், அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் பூசணியில் பழக முடியாத இடங்கள் உடலில் உண்டு. காதுக்குப் பின்னே கைவைத்தால் தட்டுப்படும் எலும்பு ஒன்று. பிறவியில் செவிப்புலன் அற்ற குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த, அந்த எலும்பைக் குடைந்துதான் உள்ளே செல்ல வேண்டும். இந்த அறுவைக்குப் பேர்பெற்ற காது மூக்கு தொண்டை ஆய்வு மையம் ஒன்று, மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்திலேயே இருக்கிறது. டாக்டர் மோகன் காமேஸ்வரன் நடத்துவது. குடையும் கருவி சில மில்லிமீட்டர் விலகினால் முகத்தசையை இயக்கும் நரம்பு. இன்னொரு பக்கம் மூளையை ஒட்டிய பெரிய இரத்த வடிகால். நரம்பு அறுந்தால் குழந்தையின் முகம் ஒரு பக்கம் தொங்கிவிடும். இந்த வேலையை இளைய மருத்துவர் எங்கே பழகுவார்? இதுகாறும் இறந்தோரிடமிருந்து எடுத்த எலும்பில் பழகினார்கள். இறந்த உடலைக் கண்ணியப்படுத்தி விரைந்து அடக்குவது நம் வழக்கம். உடல்தானம் பற்றிய மார்க்க விவாதத்துக்குள் இங்கே நான் நுழையப் போவதில்லை. ஆயினும் நம் பிள்ளைக்கு அறுவை செய்பவர் யாரோ ஒருவருடைய தந்தையின், தாயின் எலும்பில் கற்றுத்தான் வந்திருக்கிறார் என்ற உண்மையை மறுக்க இயலாது. அப்படிக் கிடைக்கும் எலும்புகள் எங்கும் போதவில்லை. அச்சிட்ட எலும்போ எத்தனை வேண்டுமாயினும் கிடைக்கும். நரம்பு ஓடும் வழியில் வேறு நிறத்தை ஒளித்து வைத்துவிடுகிறார்கள். குடையும்போது அந்நிறம் தெரிந்தால் மாணவர் எல்லை மீறினார் என்று பொருள். மெய்யான எலும்பைக் குடையும்போது கைக்குத் தெரியும் அதிர்வு பிளாஸ்டிக்கில் அவ்வாறே இருப்பதில்லை, சில சமயம் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்கிறது என்ற குறையும் உண்டு. ஆகவே பழைய வழியை இது முழுவதும் ஒழித்துவிடவில்லை.

குறைகள் அதோடு முடிவதில்லை. ஸ்கேன் எடுக்கையில் நோயாளி அசைந்தால் மாதிரியும் பிழையாகும். பல்லை அடைத்த உலோகம் படத்தில் கோடுகோடாய் ஒளி சிதறச் செய்து தாடையின் உருவைக் கெடுக்கும். கண்குழியின் அடித்தட்டு காகிதம்போல் மெல்லியது. கணினி அதை எலும்பென்று கண்டுகொள்ளாமல் விட்டுவிட, மாதிரியில் இல்லாத ஓட்டை ஒன்று தோன்றும். அறியாதவர் அதை நோய் என்றே நம்பிவிடுவார். வளரும் கட்டியாயின் மூன்று மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேனின் மாதிரி மூன்று மாதத்துக்கு முந்திய கட்டியையே காட்டும். மலிவான இழைப் பிளாஸ்டிக் 60 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். தியேட்டர் கருவிகளைத் தூய்மை செய்யும் 121 டிகிரி நீராவியில் அதை வைத்தால் கோணிப்போகும். ஆகவே அறுவை மேசைக்குக் கொண்டுபோக வேண்டிய மாதிரிக்கு வேறு பொருளோ வேறு தூய்மை முறையோ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாய், பிளாஸ்டிக்கில் இரத்தம் ஓடுவதில்லை.

பணம் பற்றிச் சொல்லாமல் விட்டால் குடும்பத் தலைவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஜும்ஆ முடிந்ததும் மருத்துவமனை மதிப்பீட்டுத் தாளோடு உதவி கோரி வருவோரின் வரிசையை நாம் பள்ளிவாசல்தோறும் காண்கிறோம். அந்தத் தாள்களைப் படித்துச் சொல்லும்படி ஜமாஅத்தார் என்னிடம் தருவதுண்டு. அண்மைக் காலமாய்ச் சிலவற்றில் ‘மாடல்’ என்று ஒரு வரி தென்படுகிறது. அதைக் கண்டதும் அலங்காரச் செலவென்று அடித்துவிட வேண்டாம் என்பதே என் கருத்து. முகம், தாடை, இடுப்புக்குழி, கோணிய முதுகெலும்பு, பிறவி இதயக்குறை போன்ற சிக்கலான இடங்களில் அந்த வரிக்குப் பொருள் உண்டு. எலும்பு முறிவு அறுவைகளில் இது நேரத்தையும் இரத்த இழப்பையும் குறைப்பதாய்ப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதே வேளையில் குடல்வால், குடலிறக்கம், நேரான முன்கை முறிவு போன்ற வழக்கமான அறுவைக்கு மாதிரி என்று ஒரு வரி இருந்தால், எதற்காக என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அமெரிக்காவிலேயே இதைக் கணக்கில் பதிவதற்கான குறியீடுகள் 2019 ஜூலையில்தான் வந்தன, அவையும் தற்காலிகக் குறியீடுகளாக. பயன் எங்கே எவ்வளவு என்பதைத் தரவு திரட்டித்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அவர்களே எண்ணியிருக்கிறார்கள்.

கேட்கும்போது அச்சம் வேண்டாம். இந்த மாதிரி எந்தத் தேதி ஸ்கேனிலிருந்து எடுத்தது, எல்லை வரைந்ததை ஸ்கேன் படிக்கும் மருத்துவர் சரிபார்த்தாரா, இதைப் பார்த்தபின் தங்கள் திட்டத்தில் என்ன மாறியது என்று பணிவோடு கேளுங்கள். நல்ல மருத்துவர் மூன்றாவது கேள்விக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். வீட்டுப் பெண்களை வெளியே உட்கார வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் உள்ளே போய் விவரம் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நோயாளிக்கு ஊட்டுபவரும் கழுவுபவரும் புண் மாற்றுபவரும் அவர்கள்தாம். மாதிரியை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அறுவை முடிந்தபின் அந்த மாதிரியை என்ன செய்வது என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வெட்டி எடுத்த உறுப்பை அடக்குவதுபோல் இதையும் அடக்க வேண்டுமோ என்பது அவருடைய ஐயம். இது உறுப்பன்று, மக்காச்சோள மாவிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ ஆக்கிய வெறும் பிளாஸ்டிக். அடக்க வேண்டிய கடமை ஏதும் எனக்குத் தெரிந்தவரை இல்லை. மனம் அமைதி கொள்ளாதவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பதை மட்டும் நான் விரும்பமாட்டேன். அது ஒருவருடைய அந்தரங்கம். மண்டையோட்டிலிருந்து முகத்தை வரைந்துவிடும் காலம் இது. பெயரை நீக்கிவிட்டு மாணவர்களுக்குக் காட்ட மருத்துவமனை கேட்டால், நோயாளியின் சம்மதத்தோடு கொடுத்துவிடுவது நன்று. கீழக்கரைப் பையனுடைய தாடை இப்போது அங்கேதான், ஒரு வகுப்பறை மேசையில் இருக்கிறது. அந்தச் சகோதரியிடம் நான் வற்புறுத்திச் சொன்னது வேறொன்று: ஸ்கேன் படத்தோடு ஒரு குறுந்தகடு தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அது கையில் இருந்தால் மாதிரியை எத்தனை முறை வேண்டுமாயினும் மறுபடி அச்சிடலாம். மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஸ்கேனைத் திரும்பப் பெற முடியாது.